குருத்தோலைக்கு முந்திய நாள்

2018ஆம் ஆண்டு மார்ச் 24, சனிக்கிழமை. மறுநாள் குருத்து ஞாயிறு. அருப்புக்கோட்டைக்கும் திருச்சுழிக்கும் இடைப்பட்ட கரிசல் காட்டில், ஐந்து கிளைக் கிராமங்களைக் கொண்ட ஒரு சிறு பங்கில் அப்போது நாம் பணியாற்றிக்கொண்டிருந்தோம். பனங்குருத்துகளைச் சுமையாகக் கட்டிக் கொண்டுவந்து கோயில் திண்ணையில் இறக்கியிருந்தார்கள். அவற்றைக் கிழித்துச் சிலுவையாக மடிக்கும் வேலையில் பெண்களும் சிறுவர்களும் அமர்ந்திருந்தனர். காலை பத்து மணிக்கே திண்ணைக் கல் சுட்டது.

அவ்வேளையில் பங்கு இளைஞர்கள் நான்கு பேர் வந்தார்கள். தூத்துக்குடியில் அன்று தாமிர உருக்காலைக்கு எதிராகப் பெருங்கூட்டம். அங்கே கடைகள் அடைப்பு. இங்கிருந்து போக வேன் பேசியாயிற்று. சாமியும் உடன் வந்தால் நன்றாயிருக்கும், வர இயலாவிட்டால் ஒரு வார்த்தை செபித்தாவது அனுப்ப வேண்டும் என்றார்கள். நாம் கைக்கடிகாரத்தைப் பார்த்தோம். "நாளைக்குப் பெரிய திருநாளை வைத்துக்கொண்டு இன்றைக்கு ஊர்வலமா? அதெல்லாம் அரசியல். குருத்து மடிக்க ஆள் போதவில்லை, உட்காருங்கள்" என்றோம். இருவர் உட்கார்ந்தார்கள். இருவர் ஒன்றும் சொல்லாமல் வெளியே நடந்தார்கள்.

மறுநாள் ஊர் மந்தையில் குருத்தை மந்திரித்து, கோயில்வரை பவனியாக வந்தோம். "ஓசன்னா" என்று பாடி வந்தவர்களுக்கு, டீக்கடை வாசலில் பேருந்துக்காக நின்றவர்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். திருப்பலி முடிந்து திருவுடைகளைக் களைந்துகொண்டிருந்தபோது, முந்திய நாள் வெளியே நடந்த இருவரில் ஒருவன் அறை வாசலில் வந்து நின்றான். கையில் குருத்தோலை இருந்தது. "சாமி, நேத்து தெருவுல நடந்தா அரசியல். இன்னிக்கு நடந்தா பக்தியா?" என்று கேட்டான். அவன் குரலில் கேலி இருந்திருந்தால் அதட்டி அனுப்பியிருப்போம். அவன் உண்மையாகவே தெரிந்துகொள்ள விரும்பினான்.

எருசலேமுக்குள் ஆண்டவர் நுழைந்த அந்தப் பவனியை மாற்கு நற்செய்தியாளர் விவரித்து, அதற்கு மறுநாள் நிகழ்ச்சியாகக் கோவிலில் நாணயம் மாற்றுவோரின் மேசைகள் கவிழ்க்கப்பட்டதைச் சொல்கிறார். இதைக் குருமடத்தில் விவிலிய வகுப்பில் படித்திருக்கிறோம். தேர்வில் எழுதியும் இருக்கிறோம். அன்றைக்கு அந்த இளைஞனிடம் சொல்ல நமக்கு வாயில் வரவில்லை. "உண்ணாநோன்புக் காலம், வீட்டுக்குப் போப்பா" என்று மழுப்பினோம்.

இந்தப் பூமியை அறியாத வாசக அன்பர்களுக்காகச் சிறிது சொல்ல வேண்டும். மழை பெய்தால் இங்கே பருத்தி, மல்லி, சோளம், உளுந்து, பொய்த்தால் சீமைக்கருவேலம். குண்டாற்றில் தண்ணீர் ஓடிய ஆண்டுகளைப் பெரியவர்கள் விரல்விட்டு எண்ணிச் சொல்வார்கள். கண்மாய்கள் உண்டு, பலவற்றின் உட்புறத்தில் நீருக்குப் பதிலாகக் கருவேலம் காடாக நிற்கிறது. அதை வெட்டி, அடுக்கி, மண் பூசி, மூட்டம் போட்டுக் கரியாக்குவது பல குடும்பங்களின் பிழைப்பு. மூட்டை கட்டிய கரி லாரியேறி வெளியூர்களுக்குப் போகிறது. அங்கே அது என்ன விலைக்கு விற்கிறது என்பது வெட்டியவருக்கும் தெரியாது, புகையில் நின்று கண் கெட்டவருக்கும் தெரியாது. விடியற்காலையில் நூற்பாலை வேன்கள் முச்சந்திகளில் நின்று பெண்பிள்ளைகளை ஏற்றிச் செல்லும். வாரத்தில் ஒருநாள் குழுக்கடன் வசூலிப்பவர் மோட்டார் சைக்கிளில் வருவார். அன்று மாலைச் செபமாலைக்கு வரும் பெண்களின் முகத்திலேயே அது தெரிந்துவிடும். சுருங்கச் சொன்னால், இங்கே விளைவதற்கும் உழைப்பதற்கும் உரிய விலையை இங்கிருப்பவர் எவரும் நிர்ணயிப்பதில்லை.

மதுரையிலிருந்து தூத்துக்குடி செல்லும் நெடுஞ்சாலை அருப்புக்கோட்டையையும் பந்தல்குடியையும் தொட்டுக்கொண்டு போகிறது. உருக்காலையின் சரக்கு லாரிகளும் அதே சாலையில்தான் போய் வந்தன. அவற்றில் ஒன்று நமது பங்கைச் சேர்ந்த ஒருவருக்குச் சொந்தமானது, அவரே ஓட்டினார். அவரைப் பற்றிப் பின்னர் வருகிறோம். உண்மையில் இக்கட்டுரையை எழுதத் தூண்டியவரே அவர்தாம்.

ஆலையின் வரலாறு பலர் அறிந்ததே. முதலில் அது வரவிருந்த இடம் மகாராட்டிரத்தின் இரத்தினகிரி. அல்போன்சா மாந்தோப்புக்காரர்களும் மற்றவரும் எதிர்த்து நின்றதால் 1990களின் தொடக்கத்தில் அங்கே பணி நின்றது. 1994இல் தூத்துக்குடியில் அடிக்கல் நாட்டப்பட்டு அடுத்த மூன்றாண்டுகளில் உற்பத்தி தொடங்கிற்று. 2013 மார்ச் 23 அதிகாலையில் நகரத்து மக்கள் கண்ணெரிச்சலோடும் மூச்சுத்திணறலோடும் விழித்தார்கள். பத்து நாட்கள் கழித்து, அதற்கு முன்பிருந்தே நடந்துவந்த வழக்கில், உச்ச நீதிமன்றம் ஆலையை மூடச் சொன்ன உயர் நீதிமன்ற ஆணையை நீக்கியது; சூழலை மாசுபடுத்தியதற்காகவும் உரிய இசைவைப் புதுப்பிக்காமலே நெடுங்காலம் இயங்கியதற்காகவும் 100 கோடி ரூபாய் செலுத்தும்படி பணித்தது. 2010-11ஆம் ஆண்டில் வட்டியும் வரியும் தேய்மானமும் கழிக்குமுன் நிறுவனத்தின் இலாபம் 1,043 கோடி ரூபாய் என்று தீர்ப்பே குறிப்பிடுகிறது. அதில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு. நமது வழக்கில் சொன்னால் தசமபாகம். செலுத்தியாயிற்று, சில வாரங்களில் உலை மறுபடியும் எரிந்தது.

ஆண்டுக்கு 4 லட்சம் டன்னாக இருந்த உற்பத்தித் திறனை இருமடங்காக்கத் திட்டம் வந்தபோதுதான், 2018 பிப்ரவரியில், ஆலையை ஒட்டிய அ. குமாரரெட்டியார்புரம் மக்கள் வேப்பமரத்தடியில் அமர்ந்தார்கள். பிறகு மற்ற ஊர்களும் சேர்ந்தன. நமது இளைஞர்கள் போக விரும்பிய மார்ச் 24ஆம் நாள் கூட்டம் அதன் ஒரு கட்டம். நூறாவது நாள் மே 22.

அன்று செவ்வாய்க்கிழமை. மாலையில் புனித அந்தோனியார் நவநாள். பகலிலிருந்தே கைபேசிகளில் செய்தி வந்துகொண்டிருந்தது. பனிமய அன்னைப் பேராலயப் பகுதியிலிருந்தும் பிற இடங்களிலிருந்தும் ஆட்சியர் அலுவலகம் நோக்கி நடந்த மக்கள்மீது துப்பாக்கிச் சூடு. ஒன்பது என்றார்கள், பதினொன்று என்றார்கள். மறுநாளும் சூடு நடந்து 13 உயிர்கள் என்றாயிற்று. நவநாளில் வழக்கமாக ஒவ்வொருவரும் தத்தம் மன்றாட்டைச் சொல்வார்கள்: மகளுக்கு வரன், மாட்டுக்கு நோய், மகனுக்கு வேலை. அன்று ஒருவரும் வாய் திறக்கவில்லை. கடைசியில் ஒரு பெண்மணி, "தூத்துக்குடியில செத்தவுகளுக்காக" என்று மட்டும் சொல்லி நிறுத்திக்கொண்டார். அதற்கு மேல் மன்றாட்டு ஏதும் வரவில்லை. பின்னாளில், நீதியரசர் அருணா ஜெகதீசன் ஆணையத்தின் அறிக்கை 2022 அக்டோபரில் சட்டமன்றத்தில் வைக்கப்பட்டபோது, அந்தச் சூட்டுக்கான தூண்டுதல் எதுவும் மக்கள் தரப்பில் இல்லை என்று அதில் வாசித்தோம்.

அந்த வாரத்திலேயே அருப்புக்கோட்டையில் ஒரு கண்டன ஆர்ப்பாட்டம். இம்முறை நம்மை எவரும் அழைக்கவில்லை. நாமாகவே பேருந்தேறிப் போனோம்.

துணிவோடு போய் முன்வரிசையில் நின்றோம் என்று எழுத ஆசைதான். நடந்தது வேறு. எதிர்ப்புறத்து மருந்துக்கடையின் கூரை நிழலில் அரைமணி நேரம், ஏதோ மாத்திரை வாங்க வந்தவரைப்போல் நின்றோம். வெள்ளை அங்கி உடலோடு ஒட்டிக்கொண்டது. கூட்டத்தில் இருந்தவர்களில் பலர் நாம் வழக்கமாகப் பழகாதவர்கள்: செங்கொடிக்காரர்கள், விசைத்தறித் தொழிலாளர், தொப்பியணிந்த இரண்டு இசுலாமியப் பெரியவர்கள், கல்லூரி மாணவர்கள். அவர்களுக்கு நடுவே தரையில் அமர்ந்திருந்த ஒரு பாட்டியை நமக்கு அடையாளம் தெரிந்தது. நமது கிளைக் கிராமம் ஒன்றில் கரிமூட்டத்து வேலைக்குப் போகிறவர்; பெரிய திருநாட்களில் மட்டும் கோயிலுக்கு வருவார். அவரும் நம்மைப் பார்த்துவிட்டார். சேலைத் தலைப்பால் தம் பக்கத்துத் தரையைத் தட்டி, "இங்கன வாங்க சாமி, இடம் கெடக்கு" என்றார்.

சாலையைக் கடந்துபோய் உட்கார்ந்தோம். தார் சுட்டது. "தூத்துக்குடிக்குப் போயிருக்கீங்களா பாட்டி?" என்று கேட்டோம். ஒருமுறைகூடப் போனதில்லையாம். "பிறகு எதற்கு இந்த வெயிலில்?" என்றதற்கு, "செத்தவுக நம்மள மாதிரி ஆளுக தான சாமி" என்றார். முழக்கம் எழுந்தபோது கையை எவ்வளவு உயரம் தூக்குவது என்று நமக்குத் தெரியவில்லை. பீடத்தில் விரித்துப் பழகிய கைகள் முட்டியாக மடங்கக் கூசின. பாட்டி கை தூக்கவே இல்லை; சும்மா உட்கார்ந்திருந்தார். அதைப் பார்த்து நாமும் சும்மா உட்கார்ந்திருந்தோம்.

ஊருக்குத் திரும்புமுன் செய்தி போய்ச் சேர்ந்துவிட்டது. கோயில் கட்டட நிதிக்குப் பெருந்தொகை தருவதாகச் சொல்லியிருந்த ஒரு வியாபாரி, "அடுத்த வருசம் பார்ப்போம் சாமி" என்றார். வேறொருவர், "சாமியார்களுக்கு ஏன் இந்த வேலை? ஆன்மாவைப் பார்த்தால் போதாதா?" என்று கேட்டார். அவர் நல்லவர், நாள்தோறும் பூசை காண்பவர். அவருக்குத் தரவேண்டிய பதில் நமக்கு மனப்பாடமாகத் தெரியும். 1891இல் திருத்தந்தை 13ஆம் லியோ தொழிலாளரின் நியாயமான கூலியைப் பற்றி எழுதிய ரேரும் நொவாரும் மடலை, அதன் நூற்றாண்டை ஒட்டி 1991இல் 2ஆம் யோவான் பவுல் வெளியிட்ட மடலோடு சேர்த்துப் படித்த தலைமுறை நாம். அம்மடலுக்கு ஈராண்டுகளுக்கு முன், 1889இல், இலண்டன் துறைமுகத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தில் முதியவரான கர்தினால் மேனிங் இரு தரப்புக்கும் இடையே நடந்து நடந்து சமரசம் கண்டதையும் படித்தோம். 2025இல் பொறுப்பேற்ற திருத்தந்தை, 13ஆம் லியோவின் அந்த மடலை நினைவில் கொண்டே லியோ என்னும் பெயரைத் தெரிந்துகொண்டதாகச் சொன்னபோது, நமது பழைய வகுப்புக் குறிப்பேடு ஞாபகம் வந்தது. நல்ல மதிப்பெண் வாங்கிய பாடம் அது. ஆனால் அதை நம்பியவரைப்போல் தார்ச்சாலையில் உட்கார ஒரு கரிமூட்டத்துப் பாட்டி இடம் தர வேண்டியிருந்தது.

அந்நாட்களில் இரவில் உறக்கம் வராமல் பழைய செய்திகளைப் புரட்டியபோது ஒன்று கண்ணில் பட்டது. தூத்துக்குடி ஆலையின் தாய் நிறுவனமான வேதாந்தா ரிசோர்சஸ் 2003 முதல் 2018 வரை இலண்டன் பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்டிருந்தது. அந்தப் பங்குச் சந்தை இருக்கும் சதுக்கம் புனித பவுல் பேராலயத்தின் அருகிலேயே உள்ளது. 2011 செப்டம்பரில் நியூயார்க்கின் வால் ஸ்ட்ரீட்டில் பெருமுதலாளிகளின் பேராசைக்கு எதிராகத் தொடங்கிய முற்றுகை, அக்டோபரில் இலண்டனுக்கும் பரவியது. பங்குச் சந்தையின் முன் கூடாரமடிக்க வந்தவர்களைக் காவலர் தடுத்ததால், அவர்கள் பேராலயப் படிகளின் அருகே கூடாரமடித்தார்கள். இங்கிலாந்துத் திருச்சபைக்குச் சொந்தமான அப்பேராலயம் என்ன செய்வதென்று தெரியாமல் திகைத்தது. ஒரு வாரம் கதவுகளையே சாத்தியது. இரண்டாம் உலகப்போருக்குப் பின் அப்படி நடந்ததில்லை. கூடாரக்காரர்களைப் பலவந்தமாக அப்புறப்படுத்தும் நிலை வரக்கூடும் என்று கண்ட அங்கத்திய குரு கைல்ஸ் பிரேசர் தம் பொறுப்பைத் துறந்தார். சில நாட்களில் பேராலயத் தலைவரும் விலகினார். 2012 பிப்ரவரி இறுதியில் கூடாரங்கள் அகற்றப்பட்டன.

கதவைச் சாத்தியவர்களைப் பார்த்துச் சிரிக்க நமக்கு உரிமையில்லை. நாமும் மருந்துக்கடை நிழலில் நின்றவர்தாம். ஆனால் அதே திருச்சபையைப் பற்றிய இன்னொரு செய்தி நம்மை வேறு வழியில் யோசிக்க வைத்தது. ஒடிசாவின் நியமகிரி மலையில் பாக்சைட் வெட்டியெடுக்க வேதாந்தா முயன்றபோது, அம்மலையைத் தெய்வமாகக் கொண்ட டோங்கிரியா கோண்டு மக்கள் எதிர்த்தார்கள். 2010 பிப்ரவரியில் இங்கிலாந்துத் திருச்சபை அந்நிறுவனத்தில் தான் வைத்திருந்த பங்குகளை விற்று வெளியேறியது. 2013இல் உச்ச நீதிமன்ற ஆணைப்படி கூடிய பன்னிரண்டு கிராமசபைகளும் சுரங்கம் வேண்டாம் என்றன. திருச்சபை பங்குகளை விற்றது பாராட்டத்தக்கதே. ஆனால் விற்பதற்கு முன் அந்தப் பங்குகள் அதன் பெட்டியில் இருந்தன. பேராசையை எதிர்த்துத் தெருவுக்கு வருகிற ஒவ்வொரு அமைப்பின் பெட்டியிலும் ஏதாவது இருக்கும். நமது பெட்டியில் என்ன இருக்கிறது?

இக்கேள்வி நெகேமியா நூலின் ஐந்தாம் அதிகாரத்தைத் திறக்க வைத்தது. சமத்துவமின்மைக்கு எதிரான போராட்டத்தை விவிலியத்தில் தேடுகிறவர்கள் வழக்கமாக ஆமோசிடம் போவார்கள். நாபோத்தின் திராட்சைத் தோட்டத்துக்குப் போவார்கள். நெகேமியாவிடம் போகிறவர் குறைவு. பஞ்ச காலத்தில் வயலையும் வீட்டையும் அடகுவைத்து, பிள்ளைகளைக் கொத்தடிமைகளாக விட்ட ஏழை மக்கள், தம் சொந்தச் சகோதரர்களான பணக்காரர்களுக்கு எதிராகக் கூக்குரலிடுகிறார்கள். ஆளுநர் நெகேமியா கடுஞ்சினம் கொண்டு பெரிய மன்றத்தைக் கூட்டுகிறார். இதுவரை எல்லாரும் எதிர்பார்ப்பதுதான். அடுத்து அவர் சொல்வதுதான் நம்மை நிறுத்தியது: தாமும் தம் உறவினரும் ஊழியரும்கூடப் பணமும் தானியமும் கடனாகக் கொடுத்து வாங்குகிறவர்கள்தாம் என்று, அத்தனை பேர் முன்னிலையில் ஒப்புக்கொள்கிறார். அதன்பிறகே அடகைத் திருப்பிக் கொடுக்கச் சொல்கிறார்.

நமது பெட்டியில் இருந்தது கோயில்பிள்ளையின் சம்பளம். மணியடித்து, பீடம் அலங்கரித்து, கிளைக் கிராமங்களுக்குச் சைக்கிளில் சென்று செபம் நடத்தி, இரவில் கோயில் வளாகத்திலேயே படுத்துக் காவலும் காத்த மனிதர். மாதம் 3,000 ரூபாய். நாம் அப்பங்கிற்குச் சென்றபோதே அவ்வளவுதான் இருந்தது. நாமும் அதைக் கேள்வி கேட்கவில்லை. 2022-23இல் நாட்டின் செல்வத்தில் 40.1 விழுக்காடு மேல்தட்டு ஒரு விழுக்காட்டினரிடம் குவிந்திருந்தது என்று 2024இல் உலகச் சமத்துவமின்மை ஆய்வகம் கணக்கிட்டுச் சொன்னது; இத்தகைய எண்களை நாம் மறையுரையில் ஆவேசமாகச் சொல்வோம். பக்கத்தில் நின்று தூபக்கலசம் நீட்டுபவரின் எண் நமக்கு உறுத்தியதில்லை. பங்குப்பேரவையில் இதை எடுத்தபோது, ஆர்ப்பாட்டத்தை ஆதரித்த ஒருவரே, "வருமானத்துக்கு எங்க போறது சாமி? இஷ்டமிருந்தா இருக்கட்டும், இல்லாட்டி வேற ஆள் பார்ப்போம்" என்றார். ஆலை முதலாளிகள் சொல்வதும் இதே வாக்கியம்தான். 7,500 ஆக உயர்த்த ஏழு மாதங்கள் ஆயின. அதுவும் போதாது என்பது நமக்குத் தெரியும்.

இனி லாரிக்காரரிடம் வருவோம்.

மே 28ஆம் நாள் தமிழக அரசு ஆலையை நிரந்தரமாக மூட ஆணையிட்டது. அடுத்த ஞாயிறு திருப்பலிக்குப் பின் அவர் வந்தார். வண்டியைப் பைனான்ஸில் வாங்கி, ஒப்பந்தக்காரர் ஒருவர் மூலம் ஆலைச் சரக்குக்கு விட்டிருந்தார். இன்னும் இரண்டரை ஆண்டுத் தவணை பாக்கி. "பதிமூணு பேர் செத்ததுக்கு நானும் அழுதேன் சாமி. அந்தக் காத்தை நானும்தான் குடிச்சேன். ஆனா நீங்க உட்கார்ந்திருந்த எடத்துல பிடிச்ச பேனர்ல எங்களுக்கு ஒரு வரி இல்லையே" என்றார். "ஆண்டவர் வழிகாட்டுவார்" என்றோம். அவர் நம்மைச் சற்று நேரம் பார்த்துவிட்டுப் போனார்.

அவர் சொன்னதை அடுத்த பல மாதங்கள் மனத்தில் புரட்டிப் பார்த்தோம். ஆலை நஞ்சு கக்கியது அவர் எடுத்த முடிவால் அன்று. மூடப்பட்டதும் அவர் முடிவால் அன்று. இலாபம் பெருகிய ஆண்டுகளில் அவரை யாரும் பங்குக்கு அழைக்கவில்லை; வாடகை உயர்த்திக் கேட்டால் வேறு வண்டி வந்துவிடும். நட்டம் வந்தபோது முதல் தவணையைக் கட்டியவர் அவர். ஆலையின் நேரடித் தொழிலாளருக்காவது சட்டத்தில் ஏதோ ஓர் இடமுண்டு. ஒப்பந்தக்காரருக்கு வண்டி விட்டவருக்கு எந்தப் பதிவேட்டிலும் இடமில்லை. பேராசைக்கு எதிராக நாம் அமர்ந்தது சரியே, இன்றைக்கும் அமர்வோம். ஆனால் மூடு என்று கேட்டபோதே, மூடினால் தெருவுக்கு வருகிறவர்களுக்கு நிறுவனம் ஈடு தரட்டும் என்றும் கேட்டிருக்கலாம். அந்த ஒரு வரி பேனரில் பிடிக்காத அளவுக்கு நீளமானது அன்று. நாம் யோசிக்கவில்லை, அவ்வளவுதான். ஏழைகளுக்காக உட்கார்ந்திருக்கிறோம் என்ற நிறைவு, அருகிலிருந்த ஏழையை மறைத்துவிட்டது.

அடுத்த ஆண்டு தவணை தவறி வண்டியைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். வின்சென்ட் தே பவுல் சபையார் மூலம் ஒரு மூட்டை அரிசியும் மளிகையும் அனுப்பினோம். மாலைக்குள் அவர் மகன் சைக்கிளில் வைத்து அதைத் திருப்பிக் கொண்டுவந்தான். "அப்பா, வேற கஷ்டப்பட்டவுகளுக்குக் கொடுக்கச் சொன்னாக" என்றான். அதன்பின் அவர் பக்கத்துப் பங்கிற்குப் பூசைக்குப் போகத் தொடங்கினார். பிறர் நலத்திற்காகத் தம் விலையைச் செலுத்தியவர்களைப் பற்றிப் பேசும்போது அருட்பணியாளர் ஸ்டேன் சுவாமியை நினைக்கிறோம். திருச்சி மண்ணில் பிறந்து, ஜார்க்கண்டில் பழங்குடி மக்களின் நில உரிமைக்காக உழைத்து, 2020 அக்டோபரில் கைதாகி, 2021 ஜூலை 5இல் விசாரணைக் கைதியாகவே தமது 84ஆம் வயதில் மரித்தார். அவருக்குத் தாம் தரப்போகும் விலை தெரிந்திருந்தது. நமது லாரிக்காரரிடம் எவரும் கேட்கவே இல்லை. அவர் கணக்கிலிருந்து எடுத்துக்கொண்டோம்.

வழக்குகள் நடந்தன. 2020 ஆகஸ்டில் சென்னை உயர் நீதிமன்றம் ஆலையை மூடியது செல்லும் என்றது. 2024 பிப்ரவரி 29இல் உச்ச நீதிமன்றமும் நிறுவனத்தின் மேல்முறையீட்டைத் தள்ளுபடி செய்தது. அன்று மாலை பங்கு இளைஞர்கள், குருத்து ஞாயிறன்று கேள்வி கேட்டவனும் உட்பட, இனிப்பு வாங்கி வந்தார்கள். ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொண்டோம்.

அவ்வாண்டு குருத்து ஞாயிறு மார்ச் 24ஆம் நாளிலேயே வந்தது. ஆறாண்டுகளுக்கு முன் குருத்து மடித்த அதே தேதி. அண்டை ஊரிலிருந்து குருத்துச் சுமை கொண்டுவர முந்திய நாள் வண்டி தேவைப்பட்டது. கோயில்பிள்ளை எங்கேயோ பேசி ஒரு குட்டியானையை வரவழைத்திருந்தார். ஓட்டி வந்தவர் அவர்தாம். வண்டி அவருடையதன்று, நாள் வாடகைக்கு எடுத்து ஓட்டுகிறார். தலை நரைத்திருந்தது. "தோத்திரம் சாமி" என்றார். இறங்கி, கயிற்றை அவிழ்த்து, சுமைகளைத் திண்ணையில் தாமே இறக்கி வைத்தார். மகள் நர்சிங் முடித்துவிட்டாளா என்று கேட்டோம். பாதியில் நிறுத்தி மில்லுக்குப் போய், இப்போது கட்டிக்கொடுத்தாயிற்று என்றார்.

வாடகை எவ்வளவு என்று கேட்டோம். "எழுநூறு சாமி" என்றார். இரண்டு ஐந்நூறு ரூபாய்த் தாள்களை எடுத்து நீட்டி, "இருக்கட்டும்" என்றோம். அவர் சட்டைப்பையில் துழாவி, மூன்று நூறு ரூபாய்த் தாள்களை எண்ணி நம் கையில் வைத்தார். பிறகு திண்ணையிலிருந்து ஒரு குருத்தைக் கேட்டு வாங்கி, வண்டியின் முன்கண்ணாடியோரம் செருகிவிட்டு ஏறி உட்கார்ந்தார்.